புரட்சிக்காலச் செப்புத்தகட்டுப் படத்தை வாசிக்கும் முறை

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் பாஸ்டில் கோட்டையின் வீழ்ச்சி, பதினாறாம் லூயியின் மரணம், மக்கள் கூட்டம் அவைக்குள் புகுந்த காட்சி என்று சில கறுப்பு வெள்ளைப் படங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றின் கீழே நிகழ்வின் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். யார் வரைந்தார், யார் செதுக்கினார், எப்போது விற்பனைக்கு வந்தது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் வாசகரும் அதை நேரில் நின்று எடுத்த புகைப்படம்போல எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அது பட்டறையில் பல கைகள் சேர்ந்து உழைத்து உருவாக்கி, கடையில் காசுக்கு விற்ற சரக்கு. படம் காட்டும் நாள் ஒன்று, படம் வெளிவந்த நாள் வேறு. இடையில் ஆட்சி மாறியிருந்தால், படத்தில் யார் நல்லவர், யார் பொல்லாதவர் என்பதும் மாறியிருக்கும். அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதற்கான வழிமுறையை ஒரே படத்தை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்கொள்ளும் படம் இசிதோர்-ஸ்தனிஸ்லாஸ் எல்மான் செதுக்கியது. வரைந்தவர் சார்ல் மொன்னே. 1795-ஆம் ஆண்டு மே 20 அன்று பாரிஸ் மக்கள் கன்வென்ஷன் என்று அழைக்கப்பட்ட தேசியப் பேரவைக்குள் புகுந்ததையும், கொல்லப்பட்ட உறுப்பினர் ஃபெரோவின் தலை ஈட்டி முனையில் அவைத் தலைவர் முன் நீட்டப்பட்டதையும் அது காட்டுகிறது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா என்னும் இணையச் சேகரத்திலும், பாரிஸ் நகரின் கார்னவாலே அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பிலும் புரட்சிக்கால அச்சுப்படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரிய அளவில் திறக்கக்கூடிய கோப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கையளவுப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

திறந்தவுடன் கண் நடுப்பகுதிக்கு, அதாவது ஈட்டிக்கும் தலைக்கும் ஓடும். அதைத் தடுத்து முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். படத்தின் சட்டக் கோட்டை ஒட்டி மிகச் சிறிய எழுத்துகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் வரைந்தவரின் பெயரும் வலப்பக்கம் செதுக்கியவரின் பெயரும் இருப்பது வழக்கம். பெயரை அடுத்து லத்தீன் சொல்லொன்று சுருக்கமாக நிற்கும். 'இன்வ்.' என்றால் காட்சியை மனத்தில் கட்டமைத்தவர், 'தெல்.' என்றால் கோட்டில் வரைந்தவர், 'பிங்ஸ்.' என்றால் வண்ண ஓவியம் தீட்டியவர், 'ஸ்கல்ப்.' என்றால் தகட்டில் செதுக்கியவர். 'அக்வா ஃபோர்ட்டி' என்று கண்டால், அமிலத்தால் முதற்கட்ட வேலையைச் செய்தவர் தனியாக ஒருவர் என்று பொருள். எல்மானின் சில தகடுகளில் இந்த வேலையைத் துப்ளெசி-பெர்தோ செய்திருக்கிறார். இந்தச் சொற்களில் எதுவும் 'நேரில் கண்டவர்' என்று சொல்வதில்லை என்பதை மறக்கக் கூடாது. நேரில் கண்டு வரைந்ததாக விளம்பரம் செய்துகொள்ளும் படங்களும் உண்டு. அது விற்பனைக்கு உதவும் வாசகம் என்பதால் அதையும் சற்று ஐயத்தோடு வாசிப்பதே நல்லது.

பெயர்களுக்குக் கீழே தலைப்பும், சில அச்சுப் படிகளில் கடையின் முகவரியும் இருக்கும். முகவரி அலட்சியப்படுத்த வேண்டியதல்ல. மதச் சின்னங்களை அகற்றிய காலத்தில் பாரிஸின் தெருப்பெயர்களிலிருந்து புனிதர் என்னும் அடைமொழியும் நீங்கியது. செயின்ட் ஹானரே தெரு வெறும் ஹானரே தெருவாயிற்று. முகவரியில் அடைமொழி இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டே அந்தப் படி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்க முடியும். பதவிப் பெயர்களும் அப்படியே: அரச குடும்பத்தின் ஆதரவைப் பறைசாற்றிய கலைஞர்கள், முடியாட்சி வீழ்ந்தபின் அதே அடைமொழிகளைப் பெயரோடு சேர்த்துப் பொறிக்கத் துணியவில்லை. எழுத்தே இல்லாத படி கிடைத்தால் அது குறையுள்ள படி அல்ல. எழுத்துப் பொறிப்பது கடைசி வேலை என்பதால், அதற்கு முன் எடுத்த தொடக்கப் படியாக அது இருக்கக்கூடும்.

அடுத்து கோடுகள். செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். இந்தக் கோடு ஏறத்தாழ ஒரே தடிப்போடு ஓடி, முனை மழுங்கி முடியும். கைவிரலின் துள்ளல் அதில் தெரியும். மாறாக, உளியைக் கையால் தள்ளிச் செதுக்கும் கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசி முனையாகக் கூர்ந்து முடியும். உருப்பெருக்கிக் கண்ணாடியிலோ திரையில் பெரிதாக்கியோ பார்த்தால் இந்த இரண்டையும் யாரும் பிரித்தறியலாம். இத்தகைய படங்களில் கூட்டத்தின் சிறிய உருவங்கள் பெரும்பாலும் அமிலக் கோட்டிலும், சுவர், தரை, நிழல் ஆகியவை உளிக் கோட்டிலும் இருக்கும். இந்தப் பிரிவினையிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. கூட்டத்தின் பரபரப்பு விரைந்த கையின் வேலை; அதைச் சூழ்ந்த கட்டடத்தின் அமைதி பொறுமையான கையின் வேலை. குழப்பம் கட்டுக்குள் இருப்பதுபோல நமக்குத் தோன்றுவதற்கு இந்தத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். செம்பு தேயும் உலோகம் என்பதால், பல நூறு படிகள் எடுத்தபின் மெல்லிய கோடுகள் மங்கிச் சாம்பல் நிறமாகும். உங்கள் கையில் உள்ள படி அப்படி வெளிறியிருந்தால், வரைந்தவர் ஏதோ மறைத்தார் என்று முடிவுகட்டுவதற்கு முன் வேறொரு படியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தேதிக்கு வருவோம். எல்மானின் தலைப்பு 'மூன்றாம் ஆண்டு பிரேரியால் முதல் நாள்' என்கிறது. இது குடியரசு நாட்காட்டி. அதைப் பொது நாட்காட்டிக்கு மாற்றும் இணையக் கருவிகள் உண்டு. ஆயினும் ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்தால் பிழைகளைப் பின்னர் எளிதில் பிடிக்கலாம். முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22-இல் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு 1794 செப்டம்பர் 22-இல் தொடங்கியது. எல்லா மாதங்களுக்கும் 30 நாட்கள். எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஆண்டின் இறுதியில் தனியாக நிற்கும். பிரேரியால் ஒன்பதாம் மாதம். அதற்கு முன் எட்டு மாதங்கள், அதாவது 240 நாட்கள் கடந்திருக்க வேண்டும். செப்டம்பர் 22-இலிருந்து 240 நாட்களை எண்ணினால் 1795 மே 20 வருகிறது. நான்காம் ஆண்டு செப்டம்பர் 23-இல் தொடங்குவதால், அந்த ஆண்டுத் தேதிகளை மாற்றும்போது ஒரு நாள் பிசகுவது எளிது. வேறு படங்களில் இரண்டு தேதிகள் சேர்ந்து வருவதும் உண்டு. எல்மான் செதுக்கிய மன்னரின் மரணப் படத்தின் தலைப்பில் நிகழ்வின் நாள் 1793 ஜனவரி 21 என்றும், பேரவைக்குப் படத்தைச் சமர்ப்பித்த நாள் ஜெர்மினால் 30 என்றும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கணக்கில் இது 1794 ஏப்ரல் 19. தலை வீழ்ந்ததற்கும் படம் அவைக்கு வந்ததற்கும் இடையில் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள். இந்த இடைவெளியைத் தலைப்பே வெளிப்படையாகச் சொல்லும் படங்கள் குறைவு என்பதால், அப்படி ஒன்று கிடைத்தால் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைச் சரிபார்ப்பது அடுத்த படி. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். கவனமுள்ள செதுக்குநர் மூல ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செதுக்கி இதைச் சரிசெய்வார். அவசரத்தில் திருட்டு நகல் எடுப்பவர் அச்சுப்படத்தை அப்படியே தகட்டுக்கு மாற்றுவதால் காட்சி புரண்டுவிடும். வீரர்களின் வாள் இடப்பக்க இடுப்பில் தொங்குகிறதா, வலக்கையால் ஓங்குகிறார்களா என்று பாருங்கள். கட்டடங்கள் இன்னும் உறுதியான சான்று. மன்னரின் மரணத்தைக் காட்டும் படங்களில், இன்றும் நிற்கும் தூண்வரிசைக் கட்டடங்கள் பின்னால் தெரிந்தால் நாம் வடக்கு நோக்கி நிற்கிறோம் என்று பொருள். கொலைமேடை வெற்றுப் பீடத்துக்கும் சாம்ப்ஸ் எலிசே நுழைவாயிலுக்கும் இடையில் போடப்பட்டது. ஆகவே அது பீடத்துக்கு இடப்புறம் வர வேண்டும். மாறி வந்தால் நகல் என்று ஐயப்படலாம். அந்தப் பீடத்தில்தான் பதினைந்தாம் லூயியின் குதிரைச்சிலை நின்றது. 1792 ஆகஸ்டில் அதை மக்கள் வீழ்த்தினர். பாட்டனின் சிலையற்ற பீடத்தின் அருகே பேரன் இறப்பதைப் படம் எவ்வளவு தூரம் முன்னிறுத்துகிறது என்பதை அளந்து பார்ப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே.

பிரேரியால் படத்தில் நடந்த இடம் துய்லரி அரண்மனைக்குள் இருந்த பேரவை மண்டபம். 1793 மே மாதம்தான் பேரவை அங்கே குடிபெயர்ந்தது. இங்கே இடத்தைவிட நேரமே சிக்கலானது. கூட்டம் பிற்பகலில் உள்ளே புகுந்தது. மண்டபத்தைத் தேசியக் காவல் படையினர் மீட்டபோது நள்ளிரவு. ஃபெரோ மண்டபத்தில் சுடப்பட்டார், வெளியே இழுத்துச் செல்லப்பட்டார், அங்கே தலை துண்டிக்கப்பட்டது, பின்னர் தலை திரும்ப உள்ளே கொண்டுவரப்பட்டது. தலைப்போ 'பேரவையில் கொல்லப்பட்ட மக்கள் பிரதிநிதி ஃபெரோ' என்கிறது; படம் காட்டுவது கொலையை அல்ல, அதற்குப் பிறகு தலை நீட்டப்பட்ட கணத்தை. தலைப்பும் காட்சியும் வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவையாக இருக்கும் இத்தகைய இடங்களில், எதைக் காட்டாமல் எழுத்துக்கு விட்டார், எதை எழுதாமல் காட்சிக்கு விட்டார் என்று இரண்டு பத்திகளாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் நீண்ட கொந்தளிப்பு ஒரே நொடியாகச் சுருங்கும்போது வெட்டி எறியப்பட்டவை அந்தத் தாளில் தெரியவரும்.

இந்தப் படத்தில் வெட்டி எறியப்பட்டது பசி. 1794-இன் விளைச்சல் பொய்த்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலம் கொடியது. விலைகளுக்கு உச்சவரம்பு விதித்த சட்டத்தை அந்த ஆண்டு டிசம்பரில் பேரவை நீக்கியது. காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்தது. வசந்தத்தில் பாரிஸில் ஆளுக்குக் கொடுத்த ரொட்டிப் பங்கீடு சில நாட்களில் 60 கிராம் அளவுக்குச் சுருங்கியது. கூட்டத்தின் முழக்கம் 'ரொட்டியும் 1793-ஆம் ஆண்டு அரசமைப்பும்' என்பது. பலர் அதைத் தொப்பியிலேயே எழுதிக்கொண்டு வந்தனர். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தொப்பியாக அந்த எழுத்தைத் தேடுங்கள். கோரிக்கை வாசிக்கும்படி இருந்தால் செதுக்குநர் கூட்டத்துக்குப் பேச வாய்ப்பளித்திருக்கிறார். இல்லையென்றால் ஈட்டிகள் மட்டும் மிஞ்சி, காரணமற்ற வெறியாக அது தோன்றும். எழுத்து பொறிக்க இடமில்லை என்ற சமாதானம் செல்லாது. முகவரிக்கும் தலைப்புக்கும் கீழ் ஓரத்தில் இடம் இருந்ததே.

இப்போதுதான் நடுப்பகுதிக்கு வர வேண்டும். யாருக்கு முகம் இருக்கிறது, யாருக்கு இல்லை? தலைவர் நாற்காலியில் இருப்பவர் புவாசி தாங்கிளா. தலையைக் கண்டு அவர் கலங்காமல் வணங்கினார் என்பது அந்த நாளைப் பற்றிப் பரவிய செய்தி. படத்தின் புகழும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் அவர் ஆட்சிக் குழுவில் பாரிஸின் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாக இருந்தவர். மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'பஞ்சப் புவாசி'. ஈட்டியோடு வந்தவர்களுக்கு அவர் யாரோ ஒரு தலைவர் அல்லர். தங்கள் அடுப்பு அணைந்ததற்குக் காரணம் என்று அவர்கள் நம்பிய மனிதர். இந்த ஒரு செய்தியை அறிந்தபின் படத்தைத் திரும்பப் பாருங்கள்: அமைதியான வீரத்துக்கும் கண்மூடித்தனமான வன்முறைக்கும் நடக்கும் மோதலாக அமைக்கப்பட்ட காட்சி, பொறுப்பேற்க வேண்டியவரிடம் கணக்குக் கேட்க வந்தவர்கள் நடத்திய கொடுமையாக மாறித் தெரியும். கொலை அதனால் நியாயமாகிவிடாது. ஆனால் படம் யார் சார்பாகப் பேசுகிறது என்பது விளங்கும். அடுத்த தேர்தலில் 72 மாவட்டங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தன. இப்படிப்பட்டவரின் படத்துக்குச் சந்தையில் வாங்குநர் கிடைக்காமல் இருப்பாரா?

பெண்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். அன்றைய எழுச்சியைத் தொடங்கி வைத்தவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தனர். ஒரு படத்தில் அவர்கள் முன்வரிசையில் கத்துகிறார்களா, பார்வையாளர் மாடத்தில் தொலைவில் நிற்கிறார்களா, மயங்கிச் சரிகிறார்களா என்பது அற்ப விவரம் அல்ல. எழுச்சி அடங்கிய உடனேயே, ஐந்து பேருக்கு மேல் தெருவில் கூடும் பெண்களைக் கைது செய்யலாம் என்று பேரவை ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பிறகு செதுக்கப்பட்ட எந்தப் பெண்ணுருவமும் அதன் நிழலில்தான் வரையப்பட்டது.

பிறகு, படத்தில் முகமே பெறாதவர்களைப் பதிவேடுகளில் தேட வேண்டும். அன்று கூட்டத்தின் கோரிக்கைகளை ஆதரித்துப் பேசிய உறுப்பினர்கள் கைதானார்கள். ரோம், கூழோன், துக்கெனுவா, சுப்ரானி, புர்போத், துருவா ஆகிய அறுவருக்கும் 1795 ஜூன் 17 அன்று இராணுவ ஆணையம் மரண தண்டனை விதித்தபோது, அவர்கள் ஒளித்து வைத்திருந்த கத்தியால் ஒருவர் பின் ஒருவராகத் தங்களைக் குத்திக்கொண்டனர். மூவர் அங்கேயே இறந்தனர். எஞ்சிய மூவரும் கில்லட்டினுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இறந்தவர்களில் ஒருவரான ரோம்தான், தலைப்பில் நாம் கணக்கிட்ட அந்தக் குடியரசு நாட்காட்டியை வகுத்தவர். ஃபெரோவுக்கு ஈட்டி முனையில் ஓர் இடம் கிடைத்தது. இவர்களுக்கு இந்தத் தகட்டில் நாட்காட்டி மட்டுமே கிடைத்தது.

ஒரே தகட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதே செதுக்குநரின் வரிசையைப் பக்கத்தில் வையுங்கள். எல்மான் 1789-இன் பேரவைத் தொடக்கத்திலிருந்து நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய 1799-இன் செயின்ட் குளூ நிகழ்வு வரை, புரட்சியின் முக்கிய நாட்களைத் தொடராக வெளியிட்டார். அதில் 1792 ஆகஸ்ட் 10 அன்று துய்லரி அரண்மனையைத் தாக்கிய கூட்டத்தின் படமும் உண்டு. அது வெளிவந்தபோது அந்தக் கூட்டமே குடியரசைப் பிறப்பித்ததாகக் கொண்டாடப்பட்டது. பிரேரியால் படத்தில் அதே பாரிஸ் மக்கள், அதே ஈட்டிகள், அதே அரண்மனை. ஆனால் இப்போது அவர்கள் குற்றவாளிகள். இரண்டையும் அருகருகே திறந்து, கூட்டம் ஒளியில் நிற்கிறதா நிழலில் நிற்கிறதா, நம் கண் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறதா எதிரில் இருக்கிறதா என்று ஒப்பிடுவது, என் அனுபவத்தில், இந்த வழிமுறையிலேயே அதிகம் கற்றுத்தரும் பயிற்சி. அவரை நிறம் மாறியவர் என்று திட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அவர் தொழிலின் ஆபத்தையும் நினைக்க வேண்டும். புரட்சியின் வரலாற்றுக் காட்சிகளை 1791 முதல் சந்தா முறையில் பகுதி பகுதியாக வெளியிட்ட மற்றொரு தொடருக்குப் படம் வரைந்த பிரியூர், புரட்சி நீதிமன்றத்தில் நடுவர் குழு உறுப்பினராகவும் இருந்தவர். 1795 மே 7 அன்று, பிரேரியால் எழுச்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன், அவர் கில்லட்டினில் இறந்தார். அதே தொடருக்கு உரை எழுதிய ஃபோஷே 1793-இல் கில்லட்டினுக்கு இரையானார். மற்றோர் உரையாசிரியரான ஷாம்ஃபோர் தற்கொலை முயற்சியின் பின் 1794-இல் மாண்டார். தகடுகள் மட்டும் பிழைத்தன. பிந்தைய பதிப்புகளில் பழைய தகடுகளோடு புதிய உரை சேர்ந்துகொண்டது. ஆகவே படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் விளக்க உரை இருந்தால், அது எந்தப் பதிப்பின் உரை என்று தெரியாமல் மேற்கோள் காட்டக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1830 ஜூலைப் புரட்சிக்குப் பிறகு, பிரதிநிதிகள் அவையை அலங்கரிக்க நடத்திய ஓவியப் போட்டியில் புவாசியின் இந்தக் காட்சியும் ஒரு தலைப்பு. தெலாக்ருவா அதற்கு வரைந்த முன்னோவியம் இன்று போர்தோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, வென்றவர் வின்ஷோன். இவை நிகழ்வுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிந்தியவை. இணையத்தில் தேடும்போது இவற்றின் நகல்களும் புரட்சிக்கால அச்சுப்படங்களும் கலந்தே வரும். கீழ் ஓரத்தை முதலில் பார்க்கும் பழக்கம் இருந்தால் குழப்பம் நேராது.

இவ்வளவையும் செய்தபின் படத்தை உங்கள் கட்டுரையில் பயன்படுத்துவதானால், விளக்கக் குறிப்பில் வரைந்தவர், செதுக்கியவர், தொழில்நுட்பம், காட்டப்படும் நாள், வெளியான நாள், படி இருக்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தர வேண்டும். வெளியான ஆண்டு கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்தில் நிகழ்வின் ஆண்டை இட்டு நிரப்பக் கூடாது. 'நிகழ்வுக்குப் பிந்தியது' என்று எழுதினால் போதும். எல்மானின் தகட்டுக்கு இப்படி எழுதலாம்: 'சார்ல் மொன்னே வரைய, இசிதோர்-ஸ்தனிஸ்லாஸ் எல்மான் செதுக்கிய செப்புத்தகட்டு அச்சு. காட்டப்படுவது: 1795 மே 20 அன்று, துய்லரியில் கூடிய தேசியப் பேரவைக்குள் பாரிஸ் மக்கள் புகுந்த நிகழ்வு. நிகழ்வுக்குப் பிந்தியது.' நூலகத்தின் பெயரையும் அந்தப் படியின் பதிவு எண்ணையும் இதன் இறுதியில் சேர்த்துவிடுங்கள்.